ஒப்பாரிப் பயிற்சியை எங்கள் ஜன்னலுக்கு எதிரிலிருந்து மாற்றக் கோரி

அனுப்புநர்:
த. சுசீலா,
க/பெ. தங்கராஜ் (உயிருடன் இருக்கிறார்),
மாவுக் கடை, பொன்னியம்மன் நகர் குறுக்குத் தெரு,
பட்டாபிராம், சென்னை – 600 072.

பெறுநர்:
உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்,
பட்டாபிராம்.

பொருள்: ஏரிக்கரை நாட்டுப்புற இசை மன்றம் – ஜூலை மாத ஞாயிறு நிகழ்ச்சிகள் – நிகழ்ச்சிகளைத் தடை செய்யாமல், ஒப்பாரிப் பயிற்சியை மட்டும் வேறிடம் மாற்றித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து எங்கள் தெருவினர் தங்களிடம் கொடுத்துள்ள, என் கையெழுத்து இல்லாத மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அனுப்புநர் முகவரியில் அடைப்புக்குறிக்குள் நான் எழுதியிருப்பதைப் பார்த்துத் தாங்கள் சிரிக்க வேண்டாம். அதை எழுத வேண்டிய நிலைமைக்கு ஒரு பெண்பிள்ளை எப்படி வந்தாள் என்பதுதான் இம்மனு. இதை யாரையும் வைத்து எழுதவில்லை, நானே எழுதுகிறேன். மனுவுக்கு ஆகாத சொல் ஏதும் விழுந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. நான் மேற்கண்ட முகவரியில் இட்லி மாவு அரைத்து விற்று வருகிறேன். வீட்டின் ஒரு பக்கம் ஷட்டர் போட்ட கடை. மறு பக்கம் தெருவைப் பார்த்த ஜன்னல் வைத்த அறை. என் கணவர் தங்கராஜ், பூந்தமல்லி ஸ்டாண்டில் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டி வந்தவர். சென்ற தை மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிவிட்டது. அந்த ஜன்னல் ஓரம்தான் அவருக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். தெருவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் மனசு ஓடும் என்று நினைத்தேன். ஆறு மாதத்துக்குள் விடாமல் பயிற்சி செய்தால்தான் கால் திரும்பும், விட்டால் விட்டதுதான் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் அளவுக்கு அவரும் தேறி வந்தார். ஐயா, எங்கள் வீட்டில் இப்போது பெரிய சொத்து அவருடைய அந்தக் கால்தான்.

2. எங்கள் வீட்டுக்கு எதிரே மூடிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து மேற்படி இசை மன்றத்தினர் பயிற்சி செய்து வருகிறார்கள். இதை நடத்துபவர் ராகவன் என்பவர். கரூர்ப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை, அடுக்குமாடியில் குடியிருக்கிறார். நல்ல பிள்ளை. என்னிடம்தான் மாவு வாங்குவார், பாத்திரம் எடுத்துக்கொண்டு வருவார், பிளாஸ்டிக் கவர் கேட்கமாட்டார். வருகிற ஜூலை மாத ஞாயிறுகளில் ஸ்டேஷன் சாலைச் சின்ன மண்டபத்தில் முறையே தாலாட்டு, கும்மி, கானா, கடைசி ஞாயிறன்று ஒப்பாரி என்று நோட்டீஸ் அடித்துத் தெருவெங்கும் ஒட்டியிருக்கிறார்கள். நுழைவு இலவசம்.

இதில் தாலாட்டின் மேலோ கும்மியின் மேலோ எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கும்மிக்காரப் பெண்கள் குதித்த குதியில் எதிர் வீட்டு மாடி என்ன ஆகுமோ என்று பயந்தது உண்டு. அதற்கெல்லாம் மனு எழுத எனக்கு நேரம் இல்லை. கானாப் பயிற்சி நடந்தபோது என் கணவர் நல்ல கையால் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டார். அதைப் பார்த்து நானே அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டி இட்லி அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வருத்தம் எல்லாம் கடைசி ஞாயிற்றுக்கான பயிற்சியின் மேல்தான்.

3. ஒப்பாரி சொல்லித்தர அவர்கள் அழைத்து வந்தது திருநின்றவூர் கண்ணம்மாவை. தாங்கள் இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை என்பதால் சொல்கிறேன். திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர் வரை இழவு விழுந்தால் கண்ணம்மாவுக்குத்தான் ஆள் போகும். அந்தக் குரல் ஒரு தெருவில் கேட்டால், யாரோ போய்விட்டார்கள் என்றுதான் பொருள். செத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை, எந்த வீடு என்று மட்டும் பார்ப்பார்கள். சாவு இல்லாத இடத்தில் யாரும் ஒப்பாரியை வாயால் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். முணுமுணுத்தால் பெரியவர்கள் வாயிலேயே போடுவார்கள். இந்த வழக்கம் கரூரிலும் உண்டு என்று ராகவனே பிறகு ஒப்புக்கொண்டார். பயிற்சிதானே, அது கணக்கில் வராது என்று நினைத்தாராம். எப்படி இருக்கிறது பாருங்கள்.

4. சம்பவத்தன்று பிற்பகல், உளுந்து மூட்டை சொல்லிவைக்கத் திருநின்றவூர் போயிருந்தேன். நான் இல்லாத நேரத்தில் அவர் எழுந்து விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் வெளியே பூட்டிவிட்டுப் போவது வழக்கம். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. எதிர் மாடியில் பயிற்சி தொடங்கியது. தெருவே வெளியே வந்தது. கண்ணம்மா குரல், எதிரே பூட்டிய வீடு, உள்ளே நோயாளி. வேறு என்ன நினைப்பார்கள்? அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கொசு வலை அடித்த ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் கட்டிலில் நீட்டிய இரண்டு கால்கள் மட்டும்தான் தெரியும்.

அவ்வளவுதான். பக்கத்து வீட்டார் அடுப்பை அணைத்தார்கள். பிணம் எடுக்கும்வரை உலை வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெருக்கோடி அம்மன் கோயிலின் கேட்டைச் சாத்தினார்கள். பந்தல் போடும் ஜேம்ஸ், கேட்காமலேயே நாற்காலிகளையும் ஷாமியானாக் கம்பிகளையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பாதி இறக்கி வைத்திருந்த என் கடை ஷட்டரை யாரோ புண்ணியவான் முழுக்க இழுத்து மூடினார். வாட்ஸ்அப்பில் செய்தி போயிற்று. ஐயா, செய்தியை ஊர் முழுக்கப் பரப்புவதற்கு ஒரு குழு இருக்கிறது. பரப்பியதைத் திருப்பி வாங்குவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

உள்ளே படுத்திருந்த என் கணவருக்கு எல்லாம் தெரிந்தது. வெளிச்சத்தில் நிற்பவர்களுக்கு அவரைத் தெரியவில்லை, இருட்டில் இருந்த அவருக்கு எல்லோரையும் தெரிந்தது. ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்து தம்மைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் போனதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கத்தினாராம். கேட்கிற அளவுக்குக் குரல் வரவில்லை. நல்ல கையைத் தூக்கி ஆட்டினாராம். மாடியில் பாட்டு உச்சத்தில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

5. நான் ஆட்டோவில் தெருமுனைக்கு வந்தேன். கண்ணம்மா குரல் கேட்டது. என் வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது. நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி என் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டுபோய்க் கதவைத் திறந்தாள். திறந்தவள் போட்ட அலறலில்தான், அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் உள்ளே ஓடிப் போய் அவர் கால்களைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தன. அந்தச் சில நிமிஷங்களில் நான் பட்டது என் பகையாளிக்கும் வேண்டாம்.

6. அதோடு முடியவில்லை. பூந்தமல்லியிலிருந்து அவருடைய கூட்டாளி ஹாஜா மொய்தீன் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே ஓடினார். என் கணவர் கண்ணைத் திறந்து பார்த்ததும், “டேய் மச்சான், இன்னாடா இது அக்குறும்பு! ஒனக்கு ஆயுசு கெட்டிடா!” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அரக்கோணத்திலிருந்து என் அண்ணன் சிவராமன் ரயிலில் வந்து இறங்கினார். அவர் போனில் சார்ஜ் இல்லை, தகவல் சொல்ல முடியவில்லை. ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் கோடிப் புடவை. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் எடுத்துவந்து போர்த்தும் அந்தப் புடவையைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் நெற்றியில் குங்குமத்தோடு வாசலில் நிற்கிறேன், என் அண்ணன் கோடியோடு எதிரே நிற்கிறார். “அழாத சுசீலா, பொய்யா சாவு சேதி போனா கண்டம் கழிஞ்சுதுன்னு அர்த்தம்” என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். சொல்லிவிட்டுத் தேம்பினார். மாலையை ரயில்வே தண்டவாளத்து ஓரம் போட்டுவிட்டுப் போனார். புடவையைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். வாசல் தாண்டிய கோடி திரும்ப அரக்கோணத்து வீட்டுக்குள் வரக்கூடாது என்று அண்ணி என் போனிலேயே சொல்லிவிட்டார். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

7. அன்றிலிருந்து என் கணவர் பயிற்சி செய்வதில்லை. ஜன்னல் கம்பியைத் தொடுவதே இல்லை. கையைப் பிடித்துத் தூக்கினால் மூட்டை போலக் கிடக்கிறார். “எதுக்கு மே? அதான் சேதி போய்ட்சே” என்கிறார். வாய் கோணிய நிலையில் அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் புரியும். அது புரியாமலே இருந்திருக்கலாம். ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டார். இந்த வெக்கையில் சாத்திய அறைக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். மருத்துவர் சொன்ன ஆறு மாதம் ஜூலையோடு முடிகிறது.

மாவு வியாபாரமும் படுத்துவிட்டது. சாவே நடக்காத வீட்டுக்குத் தீட்டு எப்படி வரும் என்று நான் கேட்டால், “இருந்தாலும் மனசு ஒரு மாரி கீதுக்கா” என்கிறார்கள். அது போகட்டும். மாவு இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு விற்கும்.

8. ஆத்திரம் தாங்காமல் நான் எதிர் மாடி ஏறிப் போனேன். ராகவன் எழுந்து நின்று, “அக்கா, மன்னிச்சிருங்க, எனக்குத் தோணவே இல்ல” என்று கண் கலங்கினார். அவரை விட்டுவிட்டேன். கண்ணம்மாவிடம்தான் கேட்டேன்: இவ்வளவு பெரிய கூடத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா, ஜன்னலில் வந்து உட்கார்ந்துதான் பாட வேண்டுமா? அவர் மறைக்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்:

“யக்கா, எதிர்ல ஆள் படுத்துகினு இருந்தாத்தான் எனுக்கு வாய் வரும். வெறுஞ்சுவத்தப் பாத்து இன்னாத்த அழுவுறது? புள்ளைங்க பாடு பாடுன்னுதுங்க. ஜன்னலாண்ட வந்தேன். எதிர் ஊட்ல ரெண்டு காலு தெரிஞ்சுது. அதப் பாத்துகினே பாடிட்டேன். உசுரோட கீற மன்சன்னு ஒரு நிமிசம் ரோசிச்சிருக்கணும். ரோசிக்கல. தப்பு என்னுதுதான்.”

ஐயா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருவுக்குத்தான் அது தவறான செய்தி. என் கணவர் விஷயம் வேறு. அவர் நினைத்தது தவறே இல்லை. கண்ணம்மா உண்மையிலேயே அவரைப் பார்த்துத்தான் ஒப்பாரி வைத்திருக்கிறார். தம்மைப் பார்த்து ஒருத்தி மாரடித்து அழுவதை உயிரோடு படுத்துக்கொண்டு முழுக்கக் கேட்டிருக்கிறார் அந்த மனுஷன். பிறகு எப்படிக் கால் எழும்?

நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணம்மா, “எத்தினியோ ஊட்டு வாசல்ல தரையில குந்திகினு பாடியிருக்கேன். சேர் போட்டு ஒக்கார வெச்சு, பேரு போட்டு நோட்டீஸ் அடிச்சது இந்தப் புள்ளைங்கதான். ஆனா அண்ணாத்தே எய்ந்திரிக்கணும்னா நான் பாடவே இல்ல, போ” என்றார். சொன்னதோடு நிற்காமல் என் பின்னாலேயே இறங்கி வந்து, என் வீட்டுக்குள் நுழைந்து, அவர் கட்டிலருகே நின்று, “மன்னிச்சுக்க அண்ணாத்தே” என்று கும்பிட்டார்.

9. என் கணவர் திரும்பிப் படுத்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “நல்லாத்தான் அழுவுறா. நான் போனா நீ இப்டி அழுவ மாட்டே” என்றார்.

காவல் துறைக்கு எழுதும் மனுவில் இது தேவையா என்று தாங்கள் நினைக்கலாம். தேவை ஐயா. அவர் சொன்னது உண்மை. அவர் விழுந்த நாளிலிருந்து நான் அழவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்தேனே, அன்றைக்கும் ஊர்தான் அழுதது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அரிசி ஊறவைக்க வேண்டும், அவரைப் புரட்டிப் போட வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும். உட்கார்ந்தால்தானே அழுகை வரும்? இதை அவரிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கண்ணம்மாதான், “யக்காவுக்கு அழுவ நேரம் ஏது அண்ணாத்தே? அதான் எங்கள மாரி ஆளுங்க கீறோம்” என்றார். அதைக் கேட்டு அவர் பாதி வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

சிரித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். கடைசி ஞாயிறு எங்கே பாடுகிறீர்கள் என்று கேட்டார். மண்டபத்தில் என்றதும், “நானும் வரேன். ஒக்காந்துகினு கேக்குறேன். படுத்துகினு இல்ல” என்றார்.

மறுநாள் ஹாஜா மொய்தீன் வந்து தோளைக் கொடுத்துத் தூக்கியபோது கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான். சரிந்துவிட்டார். ஆனால் அவராகக் கேட்டு உட்கார்ந்தார். இந்த நேரத்தில் எதிர் ஜன்னலிலிருந்து மறுபடியும் அந்தப் பாட்டு வந்தால் அவர் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அப்புறம் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

10. இதற்கிடையில் எங்கள் தெருவினர், எனக்காகப் பரிந்து பேசுவதாக எண்ணி, எல்லா நிகழ்ச்சிகளையும் தடை செய்ய வேண்டும், சாவுக்குப் பாடுகிறவளைத் தெருவுக்குள் விடக்கூடாது என்று தங்களிடம் மனு கொடுத்துவிட்டார்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. கண்ணம்மாவை இந்தத் தெருவுக்குள் விடக்கூடாதாம்! இதே ஆட்கள்தானே அவரவர் வீட்டு இழவுக்கு ஆட்டோ வைத்து அவரைக் கூட்டி வந்தார்கள்? அழும்போது வேண்டியவர், அழுது முடித்தால் ஆகாதவரா? அவர் செய்தது பிழை. அந்தப் பிழை என் வீட்டில் நடந்தது, மன்னிப்பையும் என் வீட்டுக்குள் வந்து கேட்டுவிட்டார். அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்து நிற்கவைக்க என் பெயரை யாரும் பயன்படுத்தக்கூடாது.

பயிற்சியை மண்டபத்தின் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொள்ள ராகவன் சம்மதித்துவிட்டார். ஆனால் தெருவினர் கொடுத்த மனுவைக் கேள்விப்பட்டு மண்டபக்காரர் பயப்படுகிறார். போலீஸ் ஒரு வார்த்தை சொன்னால்தான் அறையும் தருவேன், ஞாயிறுகளும் தருவேன் என்கிறார். அதனால்தான் தங்களிடம் வந்தேன்.

11. எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) ஜூலை மாத நிகழ்ச்சிகள் எதையும் தடை செய்யாமல், ஒப்பாரிப் பயிற்சியை மட்டும் மண்டப அறைக்கு மாற்றிக்கொள்ள மண்டபக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எதிர் மாடியில் தாலாட்டுப் பாடட்டும், கும்மி கொட்டட்டும், கானா அடிக்கட்டும். என் கணவருக்குத் தாளம் போட ஏதாவது வேண்டும்.

ஆ) தங்கள் நிலையத்தார் எங்கள் பகுதி மக்களுக்காக வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், பொன்னியம்மன் நகர் தங்கராஜ் உயிருடன் நலமாக இருக்கிறார் என்று ஒரு வரி போட வேண்டும். நான் சொன்னால் மாவு விற்பதற்குச் சொல்கிறேன் என்கிறார்கள். தாங்கள் சொன்னால் நம்புவார்கள்.

இ) கடைசி ஞாயிறன்று பந்தோபஸ்துக்கு வரும் காவலர், முன் வரிசையில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜேம்ஸிடம் சொல்லிவிட்டேன், அன்று இறக்கிய அதே நாற்காலிகளில் நல்லதாக ஒன்றைத் தருவார். ஹாஜா மொய்தீன் வண்டியில் அழைத்து வருவார். எதிரே ஆள் இல்லாமல் கண்ணம்மாவுக்குப் பாட்டு வராது என்பதால், என் கணவரே எதிரில் இருந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்துகொண்டு.

அதற்குள் அவருக்கு உட்கார வருமா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. வராவிட்டால் அந்த நாற்காலி காலியாகவே இருக்கட்டும், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஈ) கடைசியாக அந்தப் புடவை. கட்ட முடியாது. பிறருக்குக் கொடுக்க முடியாது. கொளுத்தினாலும் ஆகாது என்கிறார்கள். அலமாரியில் வைத்துவிட்டு அந்த அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறிய பொருளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது வழக்கம். இதுவும் தவறி என் வீட்டுக்கு வந்த பொருள்தான். தாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாத்திக் கிடக்கும் எங்கள் ஜன்னலைத் தங்களுடைய ஒரு வார்த்தை திறந்துவைக்கும் என்று நம்பி, இம்மனுவை நேரில் கொடுத்துக் காத்திருக்கிறேன்.

இடம்: பட்டாபிராம்
நாள்: 23.06.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
த. சுசீலா

இணைப்பு:
1. இசை மன்றத்தின் நிகழ்ச்சி நோட்டீஸ்.
2. என் கணவரின் மருத்துவச் சீட்டு நகல்.
3. கோடிப் புடவை, ஒன்று. மடிப்புப் பிரிக்காதது. திருப்பித் தர வேண்டாம்.